நோட்டரியிடம் எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது: ஒரு முழுமையான வழிகாட்டி

"நோட்டரி போட்டு வாங்கிட்டு வாங்க" என்று வங்கியில், கல்லூரியில், காஸ் ஏஜென்சியில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எந்த ஆவணத்துக்கு, எந்த வகையான சான்று என்று கேட்டால் சொன்னவருக்கே பல நேரம் தெரியாது. நாமும் நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் பலகை மாட்டியிருக்கும் முதல் வக்கீலிடம் போய் ஒரு சிவப்பு முத்திரையை வாங்கி வந்துவிடுகிறோம். சில வேலைகளுக்கு அது போதும். வேறு சிலவற்றில், மூன்று வருடம் கழித்து சார்பதிவாளர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோதான் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று தெரியவரும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

இந்தக் குழப்பம் தீர ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். நோட்டரி முத்திரை, "இந்த நபர், இந்தத் தேதியில், என் முன்னால் கையெழுத்திட்டார்" என்றுதான் சொல்கிறது. தாளில் எழுதியிருப்பது உண்மை என்றோ, அது சட்டப்படி செல்லும் என்றோ அது சொல்வதில்லை. வீட்டை விற்றதாக எழுதி நோட்டரி போட்டால், அப்படி ஒரு தாளில் நீங்கள் கையெழுத்திட்டீர்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. வீடு கைமாறிவிடவில்லை.

கீழே சொல்வது இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இப்போது உள்ள நடைமுறை.

நோட்டரி யார்?

நோட்டரிகள் சட்டம் 1952-ல் இயற்றப்பட்டு, 1956 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசும் நோட்டரிகளை நியமிக்கும், மாநில அரசும் நியமிக்கும். பொதுவாகப் பத்து வருடம் வக்கீலாகத் தொழில் செய்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழு வருடம் போதும். தொழில் சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்படும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அதனால் எல்லா வக்கீலும் நோட்டரி அல்ல. நேற்று நோட்டரியாக இருந்தவர் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இன்று நோட்டரி அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியை ஒதுக்கித்தான் நியமிக்கிறார்கள். மதுரைக்கு நியமிக்கப்பட்டவர் சென்னையில் உட்கார்ந்து முத்திரை குத்த முடியாது.

உயர் நீதிமன்றம் நியமிக்கும் 'ஓத் கமிஷனர்' வேறு ஆள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அபிடவிட்டுகளுக்கு அவர் போதும். மற்ற அலுவலகங்கள் நோட்டரி என்று குறிப்பிட்டுக் கேட்டால் நோட்டரியிடம்தான் போக வேண்டும்.

முதல் படி: கேட்ட அலுவலகத்திடமே திருப்பிக் கேளுங்கள்

நோட்டரி வேண்டும் என்று சொன்னவரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேண்டியது நகலுக்கான சான்றா, உறுதிமொழியா, ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கான சான்றா? வாசகத்துக்கு உங்களிடம் மாதிரிப் படிவம் இருக்கிறதா? முத்திரைத்தாளில் வேண்டுமா, எத்தனை ரூபாய்த் தாள்? மாதிரி வாசகத்தை வாங்காமல் போனால், தெருமுனை டைப்பிங் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய ஃபைலில் உங்கள் பெயரை நுழைத்துக் கொடுத்துவிடுவார். அடுத்த நாள் அதே கவுன்டரிலிருந்து அது திரும்பி வரும்.

இன்னொரு கேள்வியும் உண்டு: நோட்டரி உண்மையிலேயே தேவைதானா? மத்திய அரசு 2014-லேயே பல சேவைகளுக்கு சுய சான்றொப்பம் போதும் என்று சொல்லிவிட்டது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு தரவேண்டிய உறுதிமொழி இணைப்புகளை வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரில் அறிவித்தது. அதற்கு நோட்டரியும் வேண்டாம், மாஜிஸ்திரேட்டும் வேண்டாம். ஆனாலும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடைகளில் 'அஃபிடவிட் இங்கே' பலகைக்கு இன்றும் குறைவில்லை.

இரண்டாம் படி: உங்களுக்கு வேண்டிய சேவை எது?

நோட்டரி என்னென்ன செய்யலாம் என்பதைச் சட்டத்தின் 8-வது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. அன்றாடம் நமக்குப் பயன்படுவது அதில் நான்கைந்துதான்.

அபிடவிட் என்கிற பிரமாணப் பத்திரம். நோட்டரி மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதற்காகத்தான் வருகிறார்கள். மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டது, ஆதாரில் ஒரு பெயரும் பத்திரத்தில் இன்னொரு பெயரும் இருப்பது ஒரே ஆள்தான், மின் இணைப்பை அண்ணன் பெயருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை என்றெல்லாம் நீங்கள் உறுதிமொழி கொடுக்கிறீர்கள், நோட்டரி அதைப் பதிவு செய்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 139-வது பிரிவு இந்த அதிகாரத்தை நோட்டரிக்கு வெளிப்படையாகவே தருகிறது. இதில் நீங்கள் எழுதுவது வெறும் கடிதம் அல்ல, சத்தியம். தெரிந்தே பொய் சொன்னால் கிரிமினல் குற்றம். டைப் செய்தவர் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கில அபிடவிட்டில் கையெழுத்திடும்போது, அதைத் தமிழில் படித்துக் காட்டி, புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட்டார் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கைநாட்டு வைக்கிறவர்களுக்கும் அப்படித்தான். இந்த வரி இல்லாத அபிடவிட்டை எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் எளிதாக உடைத்துவிடுவார்.

ஆவணத்தில் கையெழுத்துக்குச் சான்று. கூட்டு வணிக ஒப்பந்தம், கடன் உறுதிமொழி, இழப்பீட்டுப் பத்திரம் போன்றவற்றில் கையெழுத்திட்டவர் இவர்தான் என்று நோட்டரி சான்றளிக்கிறார். இதற்கு கையெழுத்திடுகிறவர் நேரில் வர வேண்டும். அப்பா வீட்டில் போட்ட கையெழுத்தை மகன் எடுத்துக்கொண்டு வந்து "சீல் மட்டும் போடுங்க சார்" என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது, போட்டுக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு தகராறு வந்தால் நோட்டரியின் பதிவேட்டில் அப்பாவின் கையெழுத்து இருக்காது. அந்த ஆவணம் அங்கேயே பலவீனமாகிவிடும். உடம்பு முடியாதவர் என்றால் நோட்டரியை வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அழைத்து வாருங்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுத்தால் வருவார்கள்.

ட்ரூ காப்பி. அசலைப் பார்த்து, நகல் அதோடு ஒத்திருக்கிறது என்று சான்றளிப்பது. அசல் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கும் பத்திர நகல், அசலைப் பதிவேட்டில் வைத்திருக்கும் அலுவலகமே தருவது. நீதிமன்றத்தில் அதற்கு இருக்கும் மதிப்பு நோட்டரியின் ட்ரூ காப்பிக்கு இல்லை. கிரயப் பத்திரம் தொலைந்துவிட்டால் கையில் இருக்கும் ஜெராக்ஸுக்கு நோட்டரி போடுவதில் பயனில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு சார்பதிவாளரிடம் நகல் கேளுங்கள். கனடா, அமெரிக்கா போகிறவர்களின் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களில் பலவும் மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாக வர வேண்டும் என்கின்றன. அங்கும் நோட்டரி நகல் செல்லாது.

மொழிபெயர்ப்புச் சான்று. தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழையோ வாரிசுச் சான்றிதழையோ ஆங்கிலத்தில் மாற்றி, அது சரியான மொழிபெயர்ப்புதான் என்று சான்றளிப்பது. விசா விண்ணப்பங்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். இரண்டு மொழியும் தெரிந்த நோட்டரியிடம் போவது நல்லது. பெயரின் ஆங்கில எழுத்துகள் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 'ழ' வரும் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

மற்றவை வணிகம் சார்ந்தவை. புரோநோட்டும் உண்டியலும் (வணிகர்கள் பணம் தரச்சொல்லி எழுதும் சீட்டு) பணமாகாமல் திரும்பினால், மறுக்கப்பட்டது என்று குறித்துச் சான்று தருவதை 1881-ம் ஆண்டின் மாற்று முறை ஆவணச் சட்டம் நோட்டரியிடம் விட்டிருக்கிறது. செக் திரும்பினால் அதே சட்டத்தின் 138-வது பிரிவில் போடும் வழக்குக்கு இது தேவையில்லை, வங்கியின் மெமோ போதும். துறைமுகத்தில் நடக்கும் ஒரு வேலை உள்ளூர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது. கடலில் புயலில் சிக்கி சரக்கு சேதமானால், தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ வந்து சேர்ந்ததும் கப்பல் கேப்டன் நோட்டரியிடம் 'ப்ரொடெஸ்ட்' பதிவு செய்வார். சேதத்துக்குக் காரணம் வானிலைதான், தன் கவனக்குறைவு அல்ல என்று பின்னால் இன்சூரன்ஸ்காரரிடம் வாதிட அது அடிப்படை ஆவணமாகும். 8-வது பிரிவில் கப்பல் விவகாரங்கள் இவ்வளவு இடம்பிடித்திருப்பதைப் பார்த்தாலே இந்தத் தொழில் வணிகத்துக்காக வளர்ந்தது என்பது புரியும். நீதிமன்றம் பணித்தால் சாட்சியம் பதிவு செய்யும் கமிஷனராகவும் நோட்டரி இருக்கலாம். தரப்பினர் கேட்டுக்கொண்டால் சமரசம் செய்து வைக்கலாம்.

மூன்றாம் படி: முத்திரை பலிக்காத இடங்கள்

பணத்தை இழப்பதும் வழக்கில் சிக்குவதும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. அவசரமாகப் படித்தாலும் இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

நிலமும் வீடும். 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கும் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. இது பலருக்கும் தெரியும். தமிழ்நாடு 2012-ல் கொண்டுவந்த திருத்தம்தான் பலருக்குத் தெரிவதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்து, இங்கே எழுதப்படும் சொத்து விற்பனை ஒப்பந்தத்தையும் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தையும் பதிவு செய்வது கட்டாயம். "அட்வான்ஸ் கொடுத்தாச்சு, அக்ரிமென்ட்டை நோட்டரி போட்டு வச்சுக்கலாம், கிரயத்தப்போ பதிவு பண்ணிக்கலாம்" என்று தரகர் சொல்வது அவருடைய வசதிக்கு. பதிவுச் செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து லட்சக்கணக்கில் கொடுத்த அட்வான்ஸுக்கு உருப்படியான பிடிமானம் இல்லாமல் செய்துகொள்கிறோம்.

பவர் பத்திரத்தைக் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு, "இனி இது உங்க சொத்து மாதிரிதான்" என்று சொல்வதும் செல்லாது. அப்படிப்பட்ட பவர் மூலம் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

வாடகை ஒப்பந்தம். 11 மாதம் எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய கணக்கு. பதிவுச் சட்டத்துக்கு அது இப்போதும் பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் உள்ள தாளை வைத்துக்கொண்டு வாடகை அதிகாரியின் முன்னால் போய் நின்றால், முதல் கேள்வியே பதிவு எண் எங்கே என்பதாக இருக்கும். நோட்டரி போடுவதில் தவறில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் தவறு.

கல்யாணமும் விவாகரத்தும். வீட்டை எதிர்த்து வெளியேறிய ஜோடி, முத்திரைத்தாளில் 'கணவன் மனைவியாக ஏற்றுக்கொண்டோம்' என்று எழுதி நோட்டரி போட்டுவிட்டு, பாதுகாப்புக் கேட்டு காவல் நிலையம் போகிறது. அது திருமணம் ஆகாது. நோட்டரிகளுக்குத் திருமணம் செய்துவைக்கவோ விவாகரத்துப் பத்திரம் போடவோ அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் எல்லா நோட்டரிகளுக்கும் அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாமல், உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ இந்து முறையில் மணம் செய்துகொள்ள 1967-லிருந்தே சட்டத்தில் இடம் உண்டு. பிறகு அதைத் திருமணப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் போதும். இவ்வளவு எளிய வழி இருக்க நோட்டரி பத்திரத்தை நம்ப வேண்டியதில்லை. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக எழுதிய நோட்டரி பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால், இருதார மணக் குற்றச்சாட்டு வரும்.

உயில். உயிலுக்கு வேண்டியது இரண்டு சாட்சிகள். உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அவர்களும் அவர் முன்னால் கையெழுத்திட வேண்டும். நோட்டரி போடுவது கட்டாயமில்லை, போட்டால் கெடுதலும் இல்லை. ஆனால் சாட்சிகள் இல்லாத உயிலை நோட்டரி முத்திரை காப்பாற்றாது. செலவு செய்வதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது மேல்.

பெயர் மாற்றத்துக்கும் அபிடவிட்டோடு நின்றுவிட வேண்டாம், அரசிதழில் வெளியான பிறகே பெரும்பாலான அலுவலகங்கள் ஏற்கும்.

நான்காம் படி: மேசைக்கு முன்னால்

அசல் அடையாள அட்டை, அசல் ஆவணம், தேவைப்பட்டால் புகைப்படம் எடுத்துப் போங்கள். முத்திரைத்தாளில் தயார் செய்வதென்றால் எத்தனை ரூபாய்த் தாள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். 'எல்லாத்துக்கும் 20 ரூபாய் பத்திரம்' என்ற பழைய பழக்கத்தை நம்ப முடியாது. 2023-ல் தமிழ்நாடு முத்திரைச் சட்டத்தைத் திருத்தி பல ஆவணங்களுக்கான தீர்வையை உயர்த்தியிருக்கிறது. தாளை உங்கள் பெயரில் வாங்குங்கள். பழைய தேதியில் தாள் தேடிப் பிடித்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகி வாருங்கள். ஒப்பந்தத் தேதியைப் பின்னுக்குத் தள்ளுவது மோசடி, நோட்டரியின் பதிவேட்டைத் திறந்தாலே பிடிபட்டுவிடும்.

கையெழுத்தை வீட்டிலேயே போட்டு எடுத்துப் போகாதீர்கள், நோட்டரி முன்னால் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் போடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்திலும் சுருக்கொப்பம் வேண்டும். வெற்றிடங்கள் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

முத்திரை விழுந்ததும் அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. விதிப்படி நோட்டரியின் முத்திரை 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். அதில் அவர் பெயர், நியமிக்கப்பட்ட பகுதி, பதிவு எண், நியமித்த அரசு எது என்பவை இருக்க வேண்டும். அவருடைய கையெழுத்தும் தேதியும் வேண்டும். நோட்டரி ஒவ்வொரு வேலையையும் தன் பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுத வேண்டும். அந்த எண் உங்கள் ஆவணத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள், பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் தயங்காமல் போடுங்கள். ஐந்து வருடம் கழித்து "இது என் கையெழுத்தே இல்லை" என்று எதிராளி சொன்னால், உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் பதிவேடுதான். பதிவேட்டைத் தொடாமல் அரை நிமிடத்தில் குத்திக்கொடுக்கும் முத்திரை மலிவாகத்தான் கிடைக்கும். அதற்குப் பின்னால் நிற்க ஆள் இருக்காது.

கட்டணத்தை நோட்டரி விதிகள் நிர்ணயித்திருக்கின்றன. அந்தப் பட்டியலை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தெரியும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பதும் விதி. எத்தனை இடத்தில் அந்தப் பலகை இருக்கிறது என்பதை உங்கள் ஊரில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாசகம் எழுதிக்கொடுத்தால், டைப் செய்தால் அதற்குத் தனிக்கூலி கேட்பது நியாயம். முத்திரைக் கட்டணம், டைப்பிங், தாள் விலை என்று பிரித்துச் சொல்லும்படி கேளுங்கள், ரசீதும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கடல் தாண்டும் ஆவணங்கள்

இங்கிருந்து வெளிநாடு போகும் ஆவணத்துக்கு நோட்டரி முத்திரை முதல் வாசல் மட்டுமே. அடுத்து மாநில அரசின் உரிய துறை சான்றளிக்கும். அதன்பின் வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் (வெளிநாடுகள் ஏற்கும் சான்று) ஒட்டும். 1961-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலையிலிருந்து பொருந்துகிறது. அதில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் போதும். சிங்கப்பூர் 2021-லும், சவூதி அரேபியா 2022-லும், கனடா 2024-லும் இதில் இணைந்துவிட்டதால் பழைய தூதரக அலைச்சல் குறைந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற உறுப்பினரல்லாத நாடுகளுக்கு அமைச்சகச் சான்றுக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரகச் சான்றும் வேண்டும்.

எதிர்த்திசையில்தான் சிக்கல் அதிகம். துபாயிலோ லண்டனிலோ இருக்கும் மகன், ஊரில் சொத்தை விற்க அப்பாவுக்குப் பவர் கொடுக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவர், பத்திரத்தைத் தன் சார்பில் பதிவுக்குத் தாக்கல் செய்ய ஒருவருக்குப் பவர் கொடுப்பதென்றால் அது பதிவாளர் முன்னால்தான் எழுதப்பட வேண்டும், நோட்டரி போதாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு மட்டும் பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவு வேறு வழி தருகிறது: அந்நாட்டு நோட்டரி, நீதிபதி, அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்திடலாம். இதில் தூதரக வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். சார்பதிவாளர்களுக்கு அந்த முத்திரை பழக்கம், கேள்விகள் குறையும். அங்கே போக முடியாவிட்டால் உள்ளூர் நோட்டரியிடம் கையெழுத்திட்டு, அந்நாடு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால் அதன் அப்போஸ்டிலும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஆவணம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தீர்வை செலுத்திவிட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

இலங்கையில் சொத்து வைத்திருப்பவர்கள் இங்குள்ள வழக்கத்தை அங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. அங்கே நொத்தாரிசு (நோட்டரி) வெறும் முத்திரை போடுகிறவர் அல்ல. 1840-ம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதி (நிலப் பத்திரம்) நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். உறுதியை எழுதுவதும், நிறைவேற்றுவதும், காணிப் பதிவகத்துக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. அபிடவிட்டுக்கு அங்கே சமாதான நீதவானிடமோ சத்தியப்பிரமாண ஆணையாளரிடமோ போவார்கள். சென்னையில் நோட்டரி போட்ட தாளை யாழ்ப்பாணத்துக் காணிக்கு உறுதியாகக் காட்ட முடியாது.

தவறு நடந்தால்

நீங்கள் நேரில் போகாமலே உங்கள் பெயரில் நோட்டரி முத்திரை விழுந்திருந்தால், அல்லது நோட்டரி அல்லாதவர் முத்திரை போட்டிருந்தால், சும்மா விடாதீர்கள். போட்டவர் நோட்டரி என்றால், தொழில் ஒழுங்கு மீறல் பற்றிய புகார் அவரை நியமித்த அரசுக்குப் போக வேண்டும். மத்திய அரசு நோட்டரி என்றால் மத்திய சட்ட விவகாரத் துறைக்கு, மாநில நோட்டரி என்றால் மாநில அரசின் சட்டத் துறைக்கு. எந்த அரசு என்பது முத்திரையிலேயே இருக்கும். நோட்டரி என்ற முறையில் அவர் செய்த குற்றத்துக்கு, அரசு அதிகாரம் அளித்த அலுவலரின் எழுத்துப்பூர்வப் புகார் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளாது என்று சட்டத்தின் 13-வது பிரிவு சொல்வதால், அரசுக்கு அனுப்பும் இந்தப் புகாரைத் தவிர்க்க முடியாது. புகாரோடு ஆவணத்தின் நகல், அதிலுள்ள பதிவேட்டு எண், தேதி, அந்த நாளில் நீங்கள் வேறு இடத்தில் இருந்ததற்கான ஆதாரம் ஆகியவற்றை இணையுங்கள்.